மூடி போட்டால் குழாய் செத்துவிடாது

மகளின் புத்தக அலமாரியை ஒருநாள் நகர்த்தியபோதுதான் கவனித்தேன். பின்சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், ஒரு முறம் அகலத்துக்குப் பெயிண்ட் உப்பிக்கொண்டு நின்றது. விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடியில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. ஐந்து மாதத்துக்கு முன்புவரை அது குளியலறை. இப்போது அவள் படிக்கிற அறை. "பைப்பெல்லாம் எடுத்தாச்சு" என்று சொல்லித்தான் வேலையை முடித்துக் கொடுத்திருந்தார்கள்.

எடுக்கவில்லை, மூடியிருந்தார்கள். இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்குத் தெரியவருவதற்குள் ஒரு சுவரும் பாதித் தரையும் அலமாரியின் அடிப்பலகையும் போய்விட்டன.

வீடு கட்டி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. மாடியில் அடுத்தடுத்து இரண்டு குளியலறைகள். ஒன்றைப் புழங்கவே ஆளில்லை. மகளுக்குத் தனியாக உட்கார்ந்து படிக்க ஓர் இடம் தேவைப்பட்டது. அதனால் புழங்காததை அறையாக்கிவிடலாம் என்று முடிவெடுத்தோம். யோசனையில் தப்பில்லை, இன்றைக்கும் அதைச் செய்வேன். செய்த விதம்தான் தப்பு.

முதலில் வந்தவர் இரண்டே நாளில் முடித்தார். குழாய்களைக் கழற்றி, சுவருக்குள் இருந்த எல்போ என்கிற வளைவு மூட்டு ஒவ்வொன்றின் வாயிலும் டம்மி என்கிற பிளாஸ்டிக் மூடியைத் திருகி, மேலே சிமெண்ட் பூசினார். கக்கூஸ் பீங்கானைத் தூக்கிவிட்டு, அது இருந்த 4 அங்குல வாயில் காலி சிமெண்ட் பையைச் சுருட்டித் திணித்துக் கலவை போட்டார். தரையில் தண்ணீர் வடிகிற வளைவான வாய்க்கும், அதாவது ட்ராப்புக்கும், அதே வைத்தியம். அதற்கு மேல் டைல். பார்க்கச் சுத்தமாக இருந்தது. நானும் கைதட்டாத குறை.

இரண்டாவதாக வந்த பிளம்பர் வயதில் மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். உப்பிய சுவரைப் பார்த்தவுடன் உளியை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மொட்டைமாடிக்குப் போனார். அன்று முழுவதும் ஒரு சுத்தியலைக்கூடத் தொடவில்லை.

"எது உசுரோட இருக்கு, எது செத்துப்போச்சுன்னு மொதல்ல பாத்துருவோம்மா. அப்புறம் உடைக்கலாம்."

டேங்கிலிருந்து மூன்று லைன்கள் இறங்குகின்றன. மூன்றுக்கும் தனித்தனி கேட் வால்வு. ஒவ்வொன்றாக மூடச் சொல்லி, வீட்டிலுள்ள எல்லாக் குழாயையும் திறந்து பார்க்கச் சொன்னார். நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டே மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினேன். நடு வால்வை மூடியபோதுதான் விஷயம் வெளிவந்தது. கீழே சமையலறைத் தொட்டியில் தண்ணீர் நின்றுபோனது. அதாவது சமையலறைக்குப் போகிற லைன், மகள் படிக்கிற அறையின் சுவருக்குள்ளேதான் இறங்குகிறது. பழைய குளியலறைக் குழாய்கள் எல்லாம் அதிலிருந்து பிரிந்த கிளைகள். குளியலறையில் குழாயே இல்லாமல் போனாலும் அந்த லைனுக்கு வேலை இருக்கிறது. கிளை நுனியில் டம்மி போட்டதால் கிளைக்குள் தண்ணீர் ராத்திரி பகலாக அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறது.

வேலை தொடங்குகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். வால்வை மூடு, எல்லாக் குழாயையும் திற, எழுது. வெந்நீருக்கும் இதையே தனியாகச் செய்ய வேண்டும். கழிவு லைனுக்கு, துணிக்குப் போடுகிற நீலத்தை ஒரு வாளி தண்ணீரில் கலக்கி ஊற்றிவிட்டு வெளியே சாக்கடைச் சேம்பர் மூடியைத் திறந்து பார்த்தால் போதும், நீலம் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துவிடும். அரை நாள் வேலை. அந்த அரை நாளை நான் முதல் தடவை செலவழிக்கவில்லை.

இன்னொன்று. வருடக்கணக்கில் திருகாத கேட் வால்வை நம்பி வேலை நாளன்று காலையில் நிற்கக் கூடாது. எங்கள் மூன்றில் ஒன்று முழுதாக மூடவில்லை, கசிந்துகொண்டே இருந்தது. இன்னொன்றில் கைப்பிடி சும்மா சுற்றியது, உள்ளே கதவு அசையவே இல்லை. முன்கூட்டியே பார்த்ததால் டேங்கைக் காலி செய்து இரண்டையும் மாற்றிப் பால் வால்வு, அதாவது உள்ளே உருண்டை சுழன்று மூடுகிற வால்வு, போட முடிந்தது. சுவரைப் பிளந்து வைத்துக்கொண்டு இது தெரியவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே வேண்டாம்.

சரி, மறுநாள் சுவரை உடைத்தார். நான் டம்மிதான் ஒழுகியிருக்கும் என்று நினைத்தேன். டம்மி காய்ந்து கிடந்தது. ஒழுகியது அதற்கு ஒரு மூட்டு பின்னால். இது பழைய ஜி.ஐ. பைப்பின், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயின் குணம். உள்ளே துத்தநாகப் பூச்சு போய், மரை எல்லாம் துருவில் பாதி தேய்ந்திருக்கும். துருவே அடைப்பாக நின்றுதான் மூட்டு ஒழுகாமல் இருக்கும். முன்னால் ஒன்றைத் திருகினால் அந்தச் சுழற்சி பின்னால் இருக்கிற மூட்டுக்குப் போய் அதை லேசாக அசைத்துவிடும். அதனால்தான் அனுபவஸ்தர்கள் இரண்டு பைப் ரிஞ்ச் வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று பின்னால் இருப்பதை அசையாமல் பிடிக்க, மற்றது திருக. முதலில் வந்தவரிடம் ஒன்றுதான் இருந்தது. அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

ஒழுகல் என்றால் பீய்ச்சி அடிக்கவில்லை. பத்து நொடிக்கு ஒரு சொட்டு இருக்கும். ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 400 மில்லிக்கு மேல், மாதத்துக்குச் சுமார் 13 லிட்டர். வெளியே தெரியாமல் செங்கல் குடித்துக்கொண்டே இருந்து, இனி முடியாது என்றானபோது பெயிண்டைத் தள்ளியிருக்கிறது.

அந்த மூட்டை மட்டும் சரிசெய்து மூடிவிடலாமே என்று கேட்டேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நுனியில மூடினா அது மூடினதும்மா. அடியில வெட்டினாத்தான் அது செத்தது." கிளை எங்கே பிரிகிறதோ அந்த மும்முனை மூட்டு, அதாவது டீ, வரைக்கும் போக வேண்டும் என்றார். டீ சுவரின் மேல்பகுதியில், கூரைக்கு ஓரடி கீழே இருந்தது. அங்கே ஒரு சின்னச் சதுரம் மட்டும் உடைத்து, கிளைப் பைப்பைக் கழற்றி, டீயின் வாயிலேயே ஜி.ஐ. பிளக் போடுவதாகத் திட்டம். டீயின் மரை அதற்குத் தாங்கவில்லை. அதனால் இறங்கு லைனில் அந்தத் துண்டையே அறுத்தெடுத்து, புதுத் துண்டும் நடுவில் கழற்றி மாட்டக்கூடிய யூனியன் இணைப்பு ஒன்றும் வைத்து நேராக இணைத்துவிட்டார். இப்போது அந்த இடத்தில் டீயும் இல்லை, மூடியும் இல்லை. பிற்பாடு யூனியனில் ஸ்பேனர் போட வேண்டியிருந்தால் சுவரை உடைக்க வேண்டாம் என்று அந்தச் சதுரத்துக்கு மட்டும் ஒரு திருகு மூடிப் பலகை. பெயிண்ட் அடித்த பிறகு கண்ணில் படுவதில்லை.

சொரசொரப்பான பழைய மரைக்கு டெஃப்லான் டேப்பைவிடச் சணலும் பேஸ்ட்டும்தான் நன்றாகப் பிடிக்கிறது என்பது அவர் கட்சி. புது மரைக்கு டேப் போதும். பைப்பின் வாயைப் பார்த்தபடி வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் திருகும்போது டேப் உருண்டு வெளியே வந்துவிடும். இதை எழுதுகிற எனக்கு இப்போது இரண்டுக்கும் கை பழகிவிட்டது.

நுனியில் மூடுவதற்கும் அடியில் வெட்டுவதற்கும் ஒழுகல் மட்டுமே வித்தியாசம் இல்லை. மூடிய கிளைக்குள் தண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கும், ஆனால் ஓடுகிற தண்ணீரோடு தொட்டுக்கொண்டே இருக்கும். தேங்கிய தண்ணீர், 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெப்பம், உள்ளே கொஞ்சம் துருவும் பாசியும் என்றால் லெஜியோனெல்லா என்கிற பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். 1976-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர் சங்க மாநாட்டுக்கு வந்தவர்களுக்குக் கூட்டமாக நிமோனியா கண்டபோது தெரியவந்த கிருமி அது, பெயரும் அந்தச் சங்கத்தால் வந்ததே. குடிப்பதால் அல்ல, ஷவர் போன்றவற்றின் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதால்தான் பெரும்பாலும் தொற்றுகிறது. வீட்டுக் குழாயில் ஓரடி நீளம் தேங்கினால் உடனே ஆபத்து என்று பயமுறுத்த வரவில்லை. ஆனால் பெரிய கட்டடங்களில் இப்படித் தேங்கும் துண்டுகளை வெட்டி எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சுவரைப் பிளந்த பிறகு அதை நாமும் செய்துவிட என்ன தயக்கம்?

அதே சமயம், வெட்டிவிட்ட பழைய பைப் முழுவதையும் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும் என்று நினைத்து நான் கூலிக்காரரை வரச்சொல்லியிருந்தேன். அவரைத் திருப்பி அனுப்பினோம். இரண்டு பக்கமும் வெட்டி, உள்ளே தண்ணீர் வடிந்து, காய்ந்துபோன பைப் சுவருக்குள் கிடந்தால் ஒரு கெடுதலும் இல்லை. அதைப் பிடுங்கச் சுவர் நெடுகக் காடி வெட்டுவதுதான் கெடுதல்.

வெந்நீர் லைன் பக்கத்துக் குளியலறை கீசரிலிருந்து சுவரைத் துளைத்து வந்தது. அது சி.பி.வி.சி., வெந்நீர் தாங்குகிற பிளாஸ்டிக். இதில் வேறு மாதிரி சங்கடம். பல வருடம் வெந்நீர் ஓடிய பைப் உறைந்த மெழுகு போல நொறுங்குகிறது. கத்தரி மாதிரி இருக்கிற கட்டரால் நெரித்தால் நீளவாக்கில் விரிசல் ஓடிவிடும், அது கண்ணுக்கும் தெரியாது. ஹாக்ஸா பிளேடால் மெதுவாக அறுக்க வேண்டும். ஒட்டுகிற சால்வெண்ட் சி.பி.வி.சி.க்கு உரியதாக இருக்க வேண்டும், பி.வி.சி. டப்பாவில் மிச்சம் இருந்ததை வழித்துப் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், பைப் வாய் ஈரமாக இருந்தால் ஒட்டாது. ஒட்டியது போல நடிக்கும். சொட்டிக்கொண்டிருக்கிற லைனில் அதைவிடத் தாழ்வாக உள்ள ஒரு குழாயைத் திறந்து வைத்தால் மிச்சத் தண்ணீர் அந்த வழியாகப் போய்விடும், மேலே வாய் காயும். மேலே ஒரு குழாயையும் திறந்தால்தான் காற்று நுழைந்து தண்ணீர் முழுதாக இறங்கும். பழைய ஜி.ஐ. பைப்பும் பிளாஸ்டிக்கும் சேர்கிற இடத்தில் பித்தளை மரை உள்ள இணைப்பு வாங்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் மரையை இரும்புக்குள் இறுக்கினால் என்றைக்காவது அது விரிசல் விடும்.

இனி நாற்றத்துக்கு வருகிறேன். அதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்றில்லை, தள்ளிப்போட்டேன். சுவர் உப்புவதற்கு முன்பே அறையில் மத்தியானங்களில் ஒரு கெட்ட வாடை. எலி செத்திருக்கும் என்று அலமாரியை எல்லாம் குடைந்தோம். ராத்திரியில் கரப்பான் வேறு. தரையோரம் டைல் இணைப்பிலிருந்துதான் வருகிறது என்று கண்டுபிடிக்க வெகுநாள் பிடித்தது.

தரை ட்ராப் சாக்கடைக் காற்றைத் தடுப்பது இரும்பாலோ சிமெண்டாலோ அல்ல, தண்ணீரால். வளைவுக்குள் நிற்கிற 50 மில்லிமீட்டர் தண்ணீர்தான் கதவு. இப்படி வளைத்து வைக்கலாம் என்று 1775-இல் காப்புரிமை வாங்கிய அலெக்சாண்டர் கம்மிங் கடிகாரம் செய்பவர், அந்த நுணுக்கம் அதில் தெரிகிறது. புழங்காத ட்ராப்பில் அந்தத் தண்ணீர் சில வாரங்களில் ஆவியாகிவிடும். அப்புறம் சாக்கடைக்கும் அறைக்கும் நடுவில் எங்கள் வீட்டில் இருந்தது சுருட்டிய சிமெண்ட் பையும் கலவையும்தான். கலவை காயக் காயச் சுருங்கும், வழவழப்பான பிளாஸ்டிக் பைப்போடு ஒட்டவும் செய்யாது. சுற்றிலும் தலைமுடி அகலத்துக்கு இடைவெளி விழும். வாயுவுக்கு அது ராஜபாட்டை. அழுகிய முட்டை வாடை அடிப்பது ஹைட்ரஜன் சல்பைடு. அளவு மிக அதிகமானால் அது மூக்கையே மரத்துப்போக வைக்கும். அதனால் வாடை நின்றுவிட்டது என்றால் வாயு நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கழிவு லைனுக்கும் விதி அதேதான். ட்ராப்பை மூடக் கூடாது, ட்ராப்பையே எடுத்துவிட வேண்டும். கிளைப் பைப்பை மெயினுக்கு எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டப் போய் அறுத்து, அதற்கென்று உள்ள எண்ட் கேப்பைச் சால்வெண்டால் ஒட்ட வேண்டும். நீளமாக ஒரு துண்டை விட்டுவைத்தால் மெயினில் போகிறது அதற்குள் ஒதுங்கித் தங்கும். வேலை நடக்கும்போது திறந்த வாயில் கல் விழாமல் துணி திணிப்பது சரிதான், ஆனால் எத்தனை துணி என்று எண்ணி எழுதி வைக்கவும். சிரிக்காதீர்கள். மூடுவதற்கு முன் அண்ணே "எத்தனைம்மா?" என்றார், நான் மூன்று என்றேன், அவர் கையில் இரண்டு இருந்தது.

அடுத்த தப்பு முழுக்க என்னுடையது. அறை மூலையில் ஒரு பைப் தரையிலிருந்து கூரையைத் துளைத்து மேலே போயிற்று. அதில் தண்ணீர் போகிற சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை. அலமாரி வைக்க இடைஞ்சல். "இது சும்மா நிக்குது, எடுத்துடுங்க" என்று முதலில் வந்தவரிடம் நான்தான் சொன்னேன். அவரும் அறுத்து மூடினார். அன்றிலிருந்து பக்கத்துக் குளியலறையில் ஃப்ளஷ் செய்தால் தரை ட்ராப் கடகடவென்று கொப்பளித்தது. நான் அதை இதோடு முடிச்சுப் போடவே இல்லை.

அது வெண்ட் பைப். தண்ணீருக்கு அல்ல, காற்றுக்கு. கக்கூஸிலிருந்து தண்ணீர் மொத்தமாக இறங்கும்போது பின்னால் காற்றை இழுக்கும். வெண்ட் இருந்தால் மொட்டைமாடியிலிருந்து காற்று வரும். இல்லாவிட்டால் பக்கத்தில் எந்த ட்ராப் இருக்கிறதோ அதன் தண்ணீரை உறிஞ்சி, அந்த வழியாகக் காற்றை எடுத்துக்கொள்ளும். கொப்பளித்த சத்தம் அதுதான். ஒரு குளியலறையை எடுத்த எடுப்பில் இன்னொன்றின் கதவையும் திறந்து வைத்திருக்கிறேன். அண்ணே பைப்பைத் திரும்ப இணைத்தார். இடைஞ்சலுக்கு, இரண்டு எல்போ போட்டுச் சுவரோரம் ஒதுக்கிவிட்டார், அவ்வளவுதான். சத்தம் அன்றைக்கே நின்றது.

வீட்டுக்கு வெளியே சுவரில் இறங்குகிற பெரிய கழிவு பைப் சாம்பல் நிறத்தில் கனமாக இருந்தது. அவரோடு வந்த பையன் கிரைண்டரை எடுத்தான். அண்ணே போட்ட சத்தத்தில் நானே பயந்துவிட்டேன். அது ஏ.சி. பைப், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட். கிரைண்டரில் அறுத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும், நுரையீரலில் போய்த் தங்கும், பல வருடம் கழித்துத்தான் வினை காட்டும். அதை நாங்கள் தொடவே இல்லை. பக்கத்துக் குளியலறைக்கு அது வேண்டும், விரிசலும் இல்லை. எங்கள் கிளை அதில் சேர்கிற இடத்துக்கு முன்னால் இருந்த பி.வி.சி.யை மட்டும் அறுத்து மூடினோம். எடுத்தே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர்கள் அதற்கென்று பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுவது நல்லது.

தரை விஷயம் ஒரு தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். குளியலறைத் தளம் மற்ற அறைகளைவிட ஓரடி பள்ளமாக இறக்கி, செங்கல் ஜல்லி கொட்டி நிரப்பியிருந்தார்கள். எங்கள் அறை அளவுக்கு ஒரு கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வெளியே வந்தது. அத்தனையும் கறுப்பாக, ஈரமாக. அதன் மேல்தான் டைல் ஒட்டிப் படிக்கும் அறை ஆக்கியிருந்தோம். பள்ளத்தை முழுக்கக் காலி செய்து, ஜன்னலைத் திறந்து வைத்து, மூன்று வாரத்துக்கு மேல் அப்படியே விட்டோம். பைப் போயிருந்த ஓட்டைகளில் கம்பி துருப்பிடித்திருந்தது. அதைத் தேய்த்துச் சுத்தம் செய்து, சுருங்காத கிரவுட் கலவை போட்டு அடைத்த பிறகுதான் திரும்ப நிரப்பினோம். இந்தத் தடவை கனமான ஜல்லி வேண்டாம் என்று லேசான கான்கிரீட்.

கீசருக்கு வந்த ஒயரைப் பற்றி ஒரு வரி. நுனியில் டேப் சுற்றிப் பூசியிருந்தார்கள். அதற்கும் அடியிலேயே, அதாவது மெயின் போர்டில், இணைப்பைக் கழற்ற வைத்தேன். அதற்குள் எனக்கே புத்தி வந்திருந்தது.

சுவரை உடனே பூசவில்லை. புது மூட்டுகள் ஒவ்வொன்றிலும் டிஷ்யூ தாளைச் சுற்றி, வால்வைத் திறந்து, இரண்டு நாள் விட்டோம். கையால் தொட்டால் தெரியாத ஈரம் தாளில் திட்டாகத் தெரிந்துவிடும். டேங்க் தண்ணீர் என்றால் 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு பார் அழுத்தம், எங்கள் டேங்க் உயரத்துக்கு அதில் பாதிகூட இல்லை. பிரஷர் பம்ப் இருக்கிற வீட்டில் பம்பை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது மூட்டில் ஓரத்தில் லேசாக ஒரு திட்டு தெரிந்தது. இறுக்கி, இன்னும் இரண்டு நாள். கொத்தனார் வந்து வந்து திரும்பிப் போனார், கோபித்துக்கொண்டார். பரவாயில்லை.

பூசுவதற்கு முன் நான்கு சுவரையும் தரையையும் படம் எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் ஒரு டேப் அளவு, மூலையிலிருந்து எத்தனை, தரையிலிருந்து எத்தனை என்று தெரிகிற மாதிரி. சமையலறை லைனைச் சிவப்புச் சாக்பீஸில் வரைந்து, செத்துப்போனவற்றின் மேல் பெருக்கல் குறி போட்டு எடுத்தது. ஒரு பிரதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

போன மாதம் மகளுக்கு இன்னொரு தட்டு அடிக்க ஆசாரி வந்தார். டிரில்லை வைக்கப் போன இடத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இருங்கண்ணே" என்று கதவைத் திறந்து படத்தைக் காட்டினேன். சிவப்புக் கோட்டுக்கு இரண்டு அங்குலம் தள்ளி இருந்தது. அவர் ஒரு சாண் இடப்பக்கம் நகர்ந்து, பெருக்கல் குறி போட்ட பைப்புக்குப் பக்கத்தில் துளை போட்டார். செங்கல் பொடி உலர்ந்த பொடியாகவே தரையில் விழுந்தது.